முந்தி வந்தவனுக்கே மின்சாரமா?

கொழும்பு நகரின் நடுவே, பெயர் சொல்ல வேண்டாத பெரிய கட்டிடம் ஒன்றின் நிலவறையில் வாகனத் தரிப்பிடம் ஒன்று இருக்கிறது. மின்சார மோட்டார் வண்டிகளுக்கு மின்னேற்றும் முனைகள் நான்கு அங்கே சுவரிற் பொருத்தப்பட்டுள்ளன. காலை எட்டு மணிக்கு முதல் நான்கு வண்டிகள் வந்து அந்த நான்கையும் பிடித்துக் கொள்கின்றன. பத்தரை மணியளவில் நான்கின் பற்றரிகளும் நிறைந்து விடுகின்றன. அதன் பின்னர் மாலை ஐந்து மணி வரை அவை அசைவதில்லை. உரிமையாளர்கள் மேல்மாடியிற் கடமையில் இருக்கிறார்கள். கீழே இறங்கி வந்து வண்டியை நகர்த்துவது அவர்களின் கௌரவத்துக்கு இழுக்கு. ஐந்தாவதாக வருபவர் களுத்துறைவாசி. நாள்தோறும் அந்த நான்கு வண்டிகளையும் பார்த்துப் பெருமூச்சு விட்டு மேலே போகிறார். மாலையில் வீடு திரும்பி, நாடெங்கும் விளக்கேற்றிச் சமையல் தொடங்கும் ஆறரை ஏழு மணிக்கு, தமது வண்டியை வீட்டு மின்னில் மாட்டுகிறார்.

இன்னும் சில முனைகள் வைத்தால் என்ன என்று அவர் கட்டிட நிருவாகத்துக்கு விண்ணப்பம் எழுதினார். வந்த மறுமொழி இது: கட்டிடத்துக்குரிய மின்சாரம் போதாது, புதிய மின்மாற்றி வேண்டும், அதற்குப் பணம் இல்லை.

மின்சாரம் போதாதாம்! பத்தரை மணியிலிருந்து ஐந்து மணி வரை ஆறரை மணித்தியாலம், அந்த நான்கு முனைகளிலும் ஒரு துளி மின்சாரமும் பாயாமற் கிடக்கிறது. குளம் நிரம்பி நிற்க, துருசின் வாயில் நான்கு பேர் பாய் விரித்துப் படுத்துக் கொண்டு, "தண்ணீர் போதாது, புதுக் குளம் கட்டுங்கள்" என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

யாழ்ப்பாணத்துக் கமக்காரன் ஒருவனிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்; அவன் நம்பமாட்டான். அவனுடைய தோட்டத்திற் பங்குக் கிணறு உண்டு. ஒரு கிணற்றுக்கு நான்கு பங்காளர், ஆறு பங்காளர் இருப்பர். யாருக்கு எத்தனை பங்கு என்று உறுதியில் எழுதப்பட்டிருக்கும். யார் எந்த நாளில் இறைப்பது என்பது முறை. காலையில் முந்தி எழுந்தவன் கிணறு வற்றும் வரை இறைத்துக் கொள்ளலாம் என்று எவனும் அங்கே சொல்வதில்லை. சொன்னால், அடுத்த போகத்தில் அவனோடு பேச்சு வார்த்தை இராது. இரணைமடுவிலும் அப்படித்தான். குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து, இந்தச் சிறுபோகத்துக்கு இத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் முடிவு செய்து, அதன்படி வாய்க்காலில் நீர் விடுகிறார்கள். படியாதவர் என்று சிலர் எண்ணும் மனிதர் தலைமுறை தலைமுறையாக அறிந்த ஒரு நியாயம், பட்டம் பெற்றவர்கள் வண்டி நிறுத்தும் நிலவறையில் மட்டும் ஏன் செத்துக் கிடக்கிறது?

கணக்கு என்றதும் கண்ணை மூடும் வாசகர்கள் சற்றுப் பொறுக்க. அந்த நான்கு முனைகளில் ஒவ்வொன்றும் 230 வோல்ற்றில் 32 அம்பியர் தரவல்லது. அதாவது ஏறத்தாழ 7.4 கிலோவாற்று. நான்குக்கும் சேர்த்து 29 கிலோவாற்றுக்குச் சற்று மேல். காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை ஒன்பது மணித்தியாலம் இந்தக் கம்பிகள் ஓயாமல் வேலை செய்தால் 265 அலகு மின்சாரம் கிடைக்கும். களுத்துறையிலிருந்து கொழும்புக்குப் போய்வர ஏறத்தாழத் தொண்ணூறு கிலோமீற்றர். சாதாரண மின்சார வண்டி ஒன்றுக்கு அதற்கு வேண்டியது பதினைந்து அலகுக்கு மேற்படாது. ஆகவே, நான்கு வண்டிகளுக்கு மட்டுமே போதும் என்று நிருவாகம் அடித்துச் சொல்லும் அதே மின்சாரம், களுத்துறையிலிருந்து வரும் பதினேழு வண்டிகளுக்குப் போதும். பதினேழும் ஒரே வேளையில் முழு வேகத்தில் இழுத்தால் 125 கிலோவாற்று வேண்டும் என்பது உண்மையே. ஆனால் ஒரே வேளையில் ஏன் இழுக்க வேண்டும்? அவை ஒன்பது மணித்தியாலம் சும்மா நிற்கப் போகின்றன அல்லவா?

இந்த விவகாரத்தின் உயிர்நாடி இதுவே. பெற்றோல் வண்டி எண்ணெய்க்காக நிற்கிறது. மின்சார வண்டியோ வேறு காரணத்துக்காக நிற்கும்போது மின்னேற்றிக் கொள்கிறது. நிற்கும் நேரம்தான் அங்கே செல்வம். முனை என்பது மலிந்த பொருள். அதற்குப் பின்னாலுள்ள கம்பியும் மின்மாற்றியும்தான் விலை. எனவே எல்லா நிறுத்துமிடங்களிலும் முனைகளை வைத்து, பின்னாலுள்ள சிறிய மின்சாரத்தை நேரத்தால் பங்கிடுவதே அறிவு. நான்கு முனைகளை மட்டும் வைத்து நான்கு பேருக்கு அதைத் தாரை வார்ப்பது அறிவன்று.

இது வெறுங் கனவு என்று நினைப்போர் கலிபோர்னியாவைப் பார்க்கட்டும். பசதீனா நகரிலுள்ள கல்ரெக் என்னும் தொழில்நுட்பக் கழகத்தின் மாடித் தரிப்பிடத்தில் 2016 முதல் இந்த முறை நடைபெற்றது. பேராசிரியர் ஸ்டீவன் லோ என்பவரும் அவருடைய மாணவர்களும் அதை வகுத்தனர். ஐம்பத்து நான்கு முனைகள். அவற்றுக்குப் பின்னால் இருந்ததோ 150 கிலோவோல்ற்று அம்பியர் மின்மாற்றி ஒன்று. அத்தனை முனைகளும் ஒருங்கே முழு வேகத்தில் ஓடினால் சுமார் 360 கிலோவாற்று வேண்டும்; மின்மாற்றியின் வலுவோ அதிற் பாதிகூட இல்லை. எம்மவரின் கட்டிட நிருவாகம் அங்கே இருந்திருப்பின், இருபது முனைகளோடு நிறுத்திக் கொண்டு, மிகுதிக்குப் பணம் இல்லை என்று கடிதம் எழுதியிருக்கும். அவர்களோ முறை வகுத்தார்கள். வண்டியை நிறுத்துபவர் தமது கைத்தொலைபேசியால் அங்குள்ள குறியைப் படம் பிடித்து, தமக்கு எத்தனை அலகு வேண்டும், எத்தனை மணிக்குப் புறப்படுவார் என்ற இரண்டையும் தெரிவிப்பார். மிகுதியைக் கணினி பார்த்துக் கொள்ளும்.

கணினி எப்படிப் பார்க்கிறது? இங்கேதான் நியாயம் ஒளிந்திருக்கிறது. ஆதலால் சற்று நின்று பேச வேண்டும்.

சட்டத்தரணி ஒருவர் எட்டு மணிக்கு வருகிறார். ஐந்து மணிக்குப் போவார். அவருடைய வண்டிக்கு முழு வேகத்தில் இரண்டு மணித்தியாலம் வேண்டும். வியாபாரி ஒருவர் ஒன்பது மணிக்கு வருகிறார். பதினொரு மணிக்குப் போவார். அவருக்கு ஒன்றரை மணித்தியாலம் வேண்டும். சட்டத்தரணியின் வண்டி வந்தவுடனேயே ஏழு மணித்தியாலம் பொறுத்திருக்க வல்லது. வியாபாரியின் வண்டியால் அரை மணித்தியாலமே பொறுக்க முடியும். இதை அவ்வண்டியின் பொறுதி என்று சொல்வோம்: புறப்பட இருக்கும் நேரத்திலிருந்து, மின்னேற்ற வேண்டிய நேரத்தைக் கழித்தால் வருவது பொறுதி. முந்தி வந்தவன் என்று சட்டத்தரணிக்குக் கொடுத்தால் வியாபாரி குறையோடு போகிறார். பொறுதி குறைந்தவன் என்று வியாபாரிக்குக் கொடுத்தால் இருவரும் நிறைந்து போகிறார்கள். சட்டத்தரணி ஒரு சதமும் இழக்கவில்லை.

அப்படியானால் யார் முதலிற் புறப்படுகிறாரோ அவருக்கு முதலிற் கொடுத்தாற் போதாதா என்று கேட்கலாம். கணினி வேலைகளை வரிசைப்படுத்துவதற்கு அந்த விதியின் சிறப்பை லியு, லேலண்ட் என்னும் இருவர் 1973இலேயே நிறுவினார்கள். ஆனால் அவர்கள் பேசியது ஒரே கணினியைப் பற்றி. வண்டிகளின் கதை வேறு. இரண்டு வண்டிகளுக்கு மட்டும் போதுமான மின்சாரம் இருக்கிறது என்க. எட்டு மணிக்கு மூன்று வண்டிகள் நிற்கின்றன. இரண்டு பதினொரு மணிக்குப் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணித்தியாலம் வேண்டும். மூன்றாவது பன்னிரண்டு மணிக்குப் போகும். அதற்கு நான்கு மணித்தியாலம் வேண்டும். முந்திப் போவோருக்கு முதலிடம் என்றால், முதல் இரண்டும் ஒன்பது மணி வரை எடுத்துக் கொள்ளும். மூன்றாவது மூன்று மணித்தியாலத்து மின்னோடு குறையாகப் புறப்படும். பொறுதியைப் பார்த்தால் மூன்றாவதன் பொறுதி எட்டு மணிக்கே சூனியம். அதற்கு உடனே தொடங்கி, மற்ற இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக எட்டுக்கும் ஒன்பதுக்கும் வைத்தால் மூவரும் நிறைந்து போவர். அதே கம்பி, அதே மின்மாற்றி, அதே காலை. விதி மாறியது, குறையோடு போனவன் இல்லாமற் போனான்.

நடைமுறையில் இதற்கு மேலும் நுணுக்கங்கள் உண்டு. மின்னேற்றும் முனை வண்டிக்குள் மின்சாரத்தைத் திணிப்பதில்லை. "இவ்வளவு வரை எடுக்கலாம்" என்று ஒரு சமிக்ஞை மட்டும் அனுப்புகிறது. வண்டி அதற்குள் எடுத்துக் கொள்கிறது. அந்தச் சமிக்ஞை ஆறு அம்பியருக்குக் கீழே இறங்காது. ஆறு அல்லது சூனியம். மடைப்பலகையை ஒரு விரற்கடை தூக்கலாம், முழுதும் தூக்கலாம், மூடலாம். நூலளவு தூக்க முடியாது. சில வண்டிகள் இடையில் நிறுத்தினால் உறங்கி விடும். மறுபடி எழுப்புவது கடினம். பற்றரி நிறையும் தறுவாயில் எல்லா வண்டிகளும் தாமாகவே குறைத்து எடுக்கும்; அந்த மிச்சத்தை உடனே பக்கத்து வண்டிக்குத் திருப்பாவிட்டால் அது வீணே. மூன்று கட்ட மின்னில் ஒரு கட்டத்தில் மட்டும் பாரம் ஏறாமலும் பார்க்க வேண்டும். இவையெல்லாம் எந்திரவியலாளர் தீர்க்கக் கூடியவை, தீர்த்தும் இருக்கிறார்கள். எமது வாதம் எந்திரத்தைப் பற்றியதன்று.

மனிதனைப் பற்றியது. பொய் சொல்பவனை என்ன செய்வது? "பத்து மணிக்குப் போய்விடுவேன், அவசரம்" என்று எழுதிவிட்டு ஐந்து மணி வரை நிற்பவன் ஊருக்கொருவன் இருப்பான். பங்குக் கிணற்றிலும் அவன் உண்டு; அவனுடைய கத்தரிதான் எப்போதும் வாடும். கல்ரெக் கழகத்தார் தமது தரிப்பிடத்துப் பதிவுகளை 2019இல் உலகுக்கு வெளியிட்டனர். வண்டிக்காரர் சொன்ன நேரத்துக்கும் உண்மையிற் புறப்பட்ட நேரத்துக்கும் பெரும் இடைவெளி இருந்ததை அப்பதிவுகள் காட்டின. எல்லோரும் பொய்யர் என்பதன்று. பலர் அக்கறையின்றி எதையோ எழுதினர். ஒருவர் முன்னர் வந்துபோன வழக்கத்தைப் பார்த்துக் கணினி ஊகிப்பது அவர் வாயாற் சொல்வதைவிடச் சரியாக இருந்தது. ஊர்ப் பெரியவருக்கு இது புதிதன்று. எவன் எப்போது வருவான், எப்போது போவான் என்று அவர் முகத்தைப் பார்த்தே சொல்வார். ஆயினும் ஒரு எச்சரிக்கை: மனிதர் வந்துபோகும் நேரங்களைத் திரட்டி வைத்திருப்பது சிறிய அதிகாரம் அன்று. மின்சாரத்துக்காக எடுத்த பதிவு மின்சாரத்துக்கு மட்டுமே பயன்பட வேண்டும். வேறு கந்தோர்களின் மேசைக்கு அது போகக் கூடாது.

அதே பதிவுகளில் இன்னொரு செய்தியும் உண்டு. கல்ரெக்கில் முதலில் மின்சாரம் இலவசமாக ஊற்றப்பட்டது. 2018 நவம்பரில் அலகுக்குப் பன்னிரண்டு சதம் அமெரிக்கக் காசு அறவிடத் தொடங்கியதும் கேட்போர் தொகை குறைந்தது. இலவசமாகக் கிடைத்தபோது தேவையில்லாதவரும் மாட்டி வைத்தனர் என்பதுதானே பொருள்? எமது நிலவறையிலும் நான்கு முனைகளின் மின்சாரம் இலவசம். உத்தியோகத்தருக்குச் சலுகை என்று நிருவாகம் பெருமை பேசுகிறது. அந்தச் சலுகை நான்கு பேருக்கு.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம்.

விரைவு மின்னேற்றி வாங்குங்கள், அரை மணித்தியாலத்தில் முடிந்து விடும் என்கிறார்கள் சிலர்; பெரும்பாலும் அதை விற்பவர்கள். அறுபது கிலோவாற்று விரைவு மின்னேற்றி ஒன்று, மேலே நாம் கணக்கிட்ட பதினேழு வண்டிகளின் மின்சாரத்தைப் போல இருமடங்கை ஒரே நேரத்தில் உறிஞ்சும். யாழ்ப்பாணம் போகிறவன் வவுனியாவில் இறங்கித் தேநீர் குடிக்கும் நேரத்தில் வண்டி நிறைய வேண்டும். அங்கே அது தேவை, கட்டாயம் வேண்டும். எட்டு மணித்தியாலம் நாற்காலியில் இருக்கப் போகிறவனுக்கு எதற்கு? நெல் விதைத்தவனுக்கு வெள்ளமா வேண்டும்?

இரவில் வீட்டில் ஏற்றிக் கொள்ளட்டும் என்பது இரண்டாவது வாதம். சொந்த வீடும் சொந்த முற்றமும் உள்ளவரின் வாதம் இது. கொழும்பில் அனெக்ஸ் வீட்டிலும் மாடி வீட்டிலும் வாடகைக்கு இருக்கும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் எந்தச் சுவரில் மாட்டுவர்? முற்றம் உள்ளவரும் என்ன செய்கிறார்? களுத்துறைக்காரரைப் போலவே வீட்டுக்கு வந்தவுடன் மாட்டுகிறார். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம் என்று எமது மின்கட்டண அட்டவணை வகுத்திருப்பது காரணமின்றி அன்று. அப்போதுதான் நாட்டின் தேவை ஏறுகிறது. அப்போதுதான் எண்ணெய் எரிக்கும் நிலையங்களின் துணை வேண்டியிருக்கிறது. நேர அளவைக் கட்டணம் வாங்கி 10.30க்குப் பின் ஏற்றுபவரிடமும் ஒரு கேள்வி: எல்லோரும் சரியாக 10.30க்கு ஒரே நொடியில் தொடங்கினால் வலைப்பின்னல் என்னவாகும்? பிரித்தானியா இதை எண்ணிப் பார்த்தது. 2022 ஜூன் 30 முதல் அங்கே வீடுகளுக்கும் வேலைத்தலங்களுக்கும் விற்கப்படும் மின்னேற்றிகள் நேரம் அறிந்து இயங்க வேண்டும் என்றும், உச்ச நேரத்தைத் தாமாகவே தவிர்க்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்றும், தொடங்கும் நேரத்தை ஒவ்வொன்றும் சில நிமிடம் முன்பின்னாக மாற்றிக் கொள்ள வேண்டும் என்றும் சட்டமே விதித்தது. மக்களின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி அவர்கள் இருக்கவில்லை.

மூன்றாவது வாதம்தான் நஞ்சு. கூடப் பணம் கொடுப்பவனுக்கு முதல் முறை என்பது. கேட்க நியாயம் போலிருக்கும். சந்தை விதி என்பார்கள். ஆனால் வேலைத்தலத்துத் தரிப்பிடத்தில் கூடப் பணம் கொடுக்க வல்லவர் யார்? பணிப்பாளர். அவர் வண்டி எட்டு மணித்தியாலம் நிற்கும். அதன் பொறுதி அனைவரிலும் மிகப் பெரிது. தேவை மிகக் குறைந்தவருக்கு முதல் முறையை விற்பது எந்தத் தர்மம்? கட்டணம் அறவிடுவதானால், நிறைந்த பின்னும் பிறருக்குரிய இடத்தை அடைத்து நிற்பவரிடம் அறவிடுங்கள். ரெஸ்லா கம்பனி தனது விரைவு நிலையங்களில் 2016 இறுதியிலிருந்து அப்படித்தான் செய்கிறது. அதை முதலாளித்துவ விரோதம் என்று எவரும் சொன்னதில்லை.

இவையெல்லாம் மோட்டார் வண்டி வைத்திருப்பவரின் சண்டை. கலப்பை பிடிப்பவனுக்கு என்ன என்று கேட்கும் வாசகர் இருப்பர். அவருக்குச் சொல்கிறோம். 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. மின்சார வண்டிகள் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கின. அவை மாலை ஏழு மணிக்கு இழுக்கும் ஒவ்வொரு கிலோவாற்றுக்கும் எங்கோ எண்ணெய் எரியும். அந்த எண்ணெயின் விலையும், அதற்காகப் பெருப்பிக்கும் கம்பி, மின்மாற்றிகளின் விலையும் வண்டிக்காரரின் பட்டியலில் மட்டும் ஏறுவதில்லை. வெங்காயத் தோட்டத்து மின்பம்பியின் பட்டியலிலும் ஏறும். விலை மட்டுமா? எண்ணெய் எரித்து மின்சாரம் எடுப்பதன் விலையை வலிகாமம் பணத்தால் மட்டும் கொடுக்கவில்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கொடுமைக்கு 2019இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு விதித்தது. இரண்டு கோடியால் நிலத்தடி நீரைக் கழுவ முடியுமா என்பது வேறு கேள்வி.

மறுபக்கத்தைப் பாருங்கள். இதே நாட்டில் நண்பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது. கடன்பட்டுக் கூரையிற் சூரியத் தகடு பதித்த குடும்பங்களை நோக்கி, 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் மின்சார சபை விடுத்த வேண்டுகோள் என்ன? பகலில் உங்கள் தகடுகளை நிறுத்தி வையுங்கள் என்பதே. அதற்கு இரண்டு மாதம் முன்னர், பெப்ரவரி 9ஆந் திகதி ஞாயிறு முற்பகலில், பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதால் நாடே இருண்டது என்றார்கள். குரங்கைப் பற்றிச் சிரித்தவர் பலர். தேவை குறைந்து, சூரிய மின் மிகுந்து, சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாக ஓடிய வேளையில் வலைப்பின்னல் சிறு அதிர்ச்சியையும் தாங்காது என்ற பாடத்தைப் படித்தவர் சிலரே. பகலில் எடுக்க ஆளில்லாத மின்சாரம் ஒரு புறம்; பகல் முழுதும் சும்மா நிற்கும் வண்டிகள் மறுபுறம்; இரண்டுக்கும் நடுவே பாய் விரித்துப் படுத்திருக்கும் நான்கு பேர். இதுவே இன்றைய நிலை.

முறை வகுத்த தரிப்பிடம் வெயில் ஏறும்போது மடையைத் திறந்து, மேகம் மறைக்கும்போது நொடியிற் குறைக்க வல்லது. எந்த வண்டிக்காரரும் அதை அறியமாட்டார். மாலையில் வண்டி நிறைந்திருந்தால் அவருக்குப் போதும். ஞாயிற்றுக் கிழமையிலும் புத்தாண்டிலும் கந்தோர்த் தரிப்பிடங்கள் வெறிச்சோடுமே, மிச்சம் மிகுதியாவது அந்த நாட்களில்தானே என்று மடக்குவோர் உண்டு. உண்மை, மறுக்கவில்லை. அந்த நாட்களுக்குக் கடைத்தெருத் தரிப்பிடமும் வீட்டு முற்றமும்தான் வழி. வாரத்தில் ஐந்து நாட்களுக்கு மருந்து இருக்க, ஆறாம் ஏழாம் நாட்களைக் காட்டி ஐந்து நாட்களையும் சாகவிடுவதை எவ்வாறு ஏற்பது?

வரிசையில் நிற்பது எப்படி என்று எமது மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2022இல் பெற்றோல் நிலையங்களின் முன்னே இரவு பகலாக வண்டிக்குள் உறங்கியவர்கள் நாம். முந்தி வந்தவனுக்கே என்ற விதி அப்போது என்ன செய்தது? நேரம் உள்ளவனுக்குக் கொடுத்தது. கூலிக்கு ஆள் வைத்து வண்டியை வரிசையில் நிறுத்த வல்லவனுக்குக் கொடுத்தது. அன்றாடம் உழைப்பவனும் நோயாளியை ஏற்றிச் செல்பவனும் வாடினர். அவ்வாண்டின் நடுப்பகுதிக்குப் பின் கியூஆர் குறியும் வாராந்தப் பங்கீடும் வந்த பிறகே வரிசை உருகியது. அந்தத் திட்டத்திற் குறைகள் பல. ஆனால் பங்கு என்று ஒன்று வகுத்த மாத்திரத்தில் பாதிச் சண்டை ஓய்ந்ததை எவர் மறந்தார்?

ஆதலால் நாம் கேட்பது பெரிதன்று. பத்து வண்டிகளுக்கு மேல் மின்னேற்றும் எந்தப் புதிய தரிப்பிடத்துக்கும், முறை வகுக்கும் ஏற்பாடு இல்லாமற் கட்டிட அனுமதி கொடுக்கக் கூடாது. பின்னர் சுவரை உடைத்துக் கம்பி இழுப்பதிலும் முன்னரே குழாய் பதிப்பது மலிவு. அந்த முறையின் விதி என்னவென்று வாயிலில் மூன்று மொழியிலும் எழுதித் தொங்கவிட வேண்டும். விதியைக் கணினிப் பெட்டிக்குள் பூட்டி, இது கம்பனியின் இரகசியம் என்பாரை ஏற்க முடியாது. பங்குக் கிணற்றின் உறுதியை எவனும் இரகசியமாக வைத்திருந்ததில்லை. அவசரம் என்றால் வைத்தியருக்கும் நோயாளிக்கும் அவசரம்; பதவிக்கு அவசரம் இல்லை என்பது அந்தப் பலகையின் முதல் வரியாக இருக்கட்டும். பகல் மிச்ச மின்சாரத்தை இவ்வாறு எடுத்துக் கொள்ளும் தரிப்பிடங்களுக்கு, பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு நண்பகற் கட்டணம் ஒன்றைத் தனியே வகுக்கட்டும். கூரைத் தகட்டுக்காரனிடம் நிறுத்து என்று கெஞ்சுவதிலும், வண்டிக்காரனிடம் எடு என்று சொல்வது அரசாங்கத்துக்கு மானமான காரியம் அல்லவா?

களுத்துறை அன்பர் இப்போது இரண்டாவது விண்ணப்பம் எழுதியிருக்கிறார். புதிய மின்மாற்றி அவர் கேட்கவில்லை. இருக்கும் 29 கிலோவாற்றைப் பதினேழு நிறுத்துமிடங்களுக்கும் முறைப்படி பிரித்துக் கொடுக்கும்படியும், அதற்கான முனைகளுக்கும் கருவிக்கும் ஆகும் செலவைத் தாமும் மற்றப் பதினாறு பேரும் பங்கிட்டுக் கொள்வதாகவும் எழுதி, பதினேழு பேரின் கையொப்பத்தோடு கொடுத்திருக்கிறார். அந்தப் பதினேழு பேரில், நான்கு முனைகளைப் பிடித்துக் கொள்ளும் நால்வரில் ஒருவரும் இருக்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது. நிருவாகத்தின் மறுமொழி இதுவரை வரவில்லை. வந்ததும் இப்பத்தியில் வெளியிடுவோம்.